ஓர் எழுத்தின் வேற்றுமை: போலிப் பணமடல்களின் வரலாறு

மின்னஞ்சல்களைக் கணினிக்குக் கணினி கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி என்னும் நெறிமுறை 1982-இல் வகுக்கப்பட்டபோது, அதைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் சேர்ந்த சிறு வட்டத்தினராக இருந்தமையால், அனுப்புநரின் பெயர் மெய்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் அதில் சேர்க்கப்படவில்லை. அஞ்சல் உறையின் மேல் எவரும் எவருடைய பெயரையும் எழுதிவிடலாம் என்ற நிலை இவ்வாறு மின்மடலிலும் தொடர்ந்தது.

1990-களின் நடுப்பகுதியில், அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல்லின் ஊழியர்களைப் போல் நடித்து, வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்களைக் கேட்டுப் பறித்தவர்களின் செயலுக்கே ‘ஃபிஷிங்’, அதாவது தூண்டிலிட்டுப் பிடித்தல், என்ற பெயர் முதலில் வழங்கியது. இணையவழிப் பணப்பரிமாற்றம் பரவியதும் தூண்டில் அத்திசைக்குத் திரும்பியது. 2000-ஆம் ஆண்டில், இணையவழிப் பணப்பரிமாற்றச் சேவையான பேபாலின் பயனர்களுக்குப் பணம் வந்திருப்பதாக ஒரு மடல் வந்தது. அதிலிருந்த இணைய முகவரியில் பேபால் பெயரின் கடைசி எழுத்து சிறிய ‘எல்’ அன்று, அதைப் போலவே தோன்றும் பெரிய ‘ஐ’ என்பதைக் கண் எளிதில் பிரித்தறிய இயலவில்லை. 2003 நவம்பரில் பரவிய மிமெயில் என்னும் கணினிப்புழுவின் ஒரு வகை, கணக்குக் காலாவதியாகப் போகிறது என அச்சுறுத்தி, இணைப்புக் கோப்பைத் திறந்தவரிடம் பேபால் சின்னத்துடன் கடன் அட்டை விவரங்களைக் கேட்டது. 2005-இலோ, ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் வரிவடிவத்தின் ஓர் எழுத்தைப் பேபால் பெயருக்குள் புகுத்தினால் உலாவியின் முகவரிப் பட்டையிலும் வேறுபாடு தெரியாது என்பதை ஆய்வாளர்கள் செய்துகாட்டினர்.

அனுப்புநர் பெயரில் நிகழ்ந்த மோசடிக்கு விடையாக, மடலில் கணிதமுறைக் கையொப்பம் பதிக்கும் டிகேஐஎம் என்னும் முறை 2007-இல் நெறிமுறையாக வெளிவந்தது. சோதனையில் தவறிய மடலை என்ன செய்வது என்று முகவரிக்கு உரியவரே அறிவிக்க இடந்தரும் டிமார்க், 2012-இல் பேபால், கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்களின் கூட்டு முயற்சியால் வந்தது. ஆயினும் இவை ஒருவரின் முகவரியை மற்றொருவர் களவாடுவதைத் தடுப்பனவேயன்றி, ஒத்த தோற்றமுடைய வேறொரு முகவரியை முறைப்படி பதிவுசெய்து, அதிலிருந்து கையொப்பத்துடனேயே அனுப்பப்படும் மடலைத் தடுப்பன அல்ல.

ஆகவே எழுத்துப்பிழை, ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ என்ற பெயரற்ற விளிப்பு, இருபத்துநான்கு மணி நேரக் கெடு ஆகியவை ஐயத்தை எழுப்பப் போதுமானவை. ஆனால் அவை இல்லாதிருப்பது நம்பிக்கைக்குச் சான்றாகாது. முகவரிப் பட்டையின் பூட்டுச் சின்னமும், தகவல் மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்கிறது என்பதைச் சொல்லுமேயன்றி, அதைப் பெறுபவர் நேர்மையானவரா என்பதைச் சொல்லாது. மடல் எவ்வளவு மெய்யாகத் தோன்றினாலும் அதன் இணைப்பைத் தொடாமல், சேவையின் முகவரியைத் தாமே தட்டச்சுசெய்தோ அதன் செயலியைத் திறந்தோ கணக்கைப் பார்க்கும் வழக்கமே இத்தனை மாற்றங்களுக்குப் பின்னும் பயன் குன்றாமல் நிற்கிறது. ஏனெனில் அவ்வழியில் செல்பவர், கண்ணை ஏமாற்றிய அந்த ஓர் எழுத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.