மட்கார்டுக் கம்பி: அமெரிக்கப் பிக்கப் வண்டியில் ஆன்டெனாவின் வரலாறு

முன்புறம் ஓட்டுநர் அறையும் பின்புறம் திறந்த சரக்குத் தொட்டியும் கொண்ட பிக்கப் வண்டி, அமெரிக்காவின் பண்ணைகளிலும் கட்டடப் பணியிடங்களிலும் உழைத்துப் பழகியது. அதன் முன் மட்கார்டில் ஏறத்தாழ 31 அங்குல உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் எஃகுக் கம்பி, வானொலிப் பெட்டிக்கு அலைகளைப் பிடித்துத் தரும் ஆன்டெனா ஆகும். கார் உற்பத்தியாளர்கள் இந்தக் கம்பியைக் கண்ணில் படாமல் மறைக்கப் பல பத்தாண்டுகள் முயன்றனர். பிக்கப் உரிமையாளர்களோ, தங்கள் வண்டியின் வானொலியை மேம்படுத்த வேண்டும் என்று கருதியபோதெல்லாம், மறைக்கப்பட்டதை நீக்கிவிட்டுப் பழைய கம்பியையே திரும்ப நட்டனர். பிற உதிரிப்பாகங்களில் மேம்பாடு என்பது புதியதை நோக்கிப் போவதாக இருக்க, ஆன்டெனாவில் மட்டும் அது நெடுங்காலம் பின்னோக்கிப் போவதாகவே இருந்தது.

1920களில் வீட்டு வானொலிக்கே கூரைக்கு மேல் பல அடி நீளத்துக்குக் கம்பி இழுத்துக் கட்ட வேண்டியிருந்த நிலையில், ஓடும் வண்டிக்குள் அதைக் கேட்க நினைத்தவர்களுக்கு வண்டியின் கூரையே கைகொடுத்தது. அக்காலக் கார்களின் கூரை முழுவதும் எஃகாக இருக்கவில்லை. மரச்சட்டங்களின் மேல் கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பிவலையை விரித்து, அதன்மேல் பஞ்சும் நீர்புகாத துணியும் போர்த்துவதே வழக்கமாக இருந்தது. துணி தொய்யாமல் தாங்குவதற்காக வைக்கப்பட்ட அந்த வலையைச் சட்டகத்தின் மற்ற உலோகப் பகுதிகளிலிருந்து பிரித்து, ஒரு கம்பியை அதில் பற்றவைத்து வானொலிப் பெட்டிக்குக் கொண்டுசென்றால், பரப்பளவு மிகுந்த, வெளியில் தெரியாத ஆன்டெனா கிடைத்துவிடும். அலைகளைப் பிடிப்பதைக் காட்டிலும் இரைச்சலைத் தவிர்ப்பதே அப்போது பெரும்பாடாக இருந்தது. பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறை பொறி விடும்போதும் ஒரு சிறு வானொலி ஒலிபரப்பியாகச் செயல்படுகிறது. ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் தம் ஆய்வகத்தில் மின்காந்த அலைகளை முதன்முதலில் உண்டாக்கியதும் இத்தகைய பொறியைக் கொண்டுதான். பிளக் கம்பிகளில் மின்தடைகளைச் சேர்ப்பதும், பெட்டியை உலோக உறைக்குள் அடைப்பதும் இந்தத் தொல்லைக்குத் தீர்வாக வந்தன.

சிகாகோவில் கால்வின் உற்பத்தி நிறுவனத்தை நடத்திவந்த பால் கால்வின், 1930இல் தம் ஸ்டூடிபேக்கர் காரில் வானொலிப் பெட்டியைப் பொருத்தி, வானொலி உற்பத்தியாளர்களின் மாநாடு நடந்த அட்லாண்டிக் சிட்டிக்கு ஓட்டிச் சென்றார். மாநாட்டில் கடை போட இடமில்லாத நிலையில் வெளியே காரை நிறுத்திப் பாட்டை ஒலிக்கவிட்டே ஆர்டர் பிடித்தார் என்பது அந்நிறுவனத்தின் வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்தியாகும். மோட்டோரோலா என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்தப் பெட்டியின் விலை 110 டாலருக்கு மேல் இருந்தது. புதிய ஃபோர்டு மாடல்-ஏ கார்களில் பல வகைகள் 500 டாலரைச் சுற்றிய விலையில் கிடைத்த காலம் அது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவிலும் இத்தகைய பெட்டிகள் விற்றன என்பது வியப்புக்குரியது. பொருத்துவதற்கு முழுநாள் வேலை தேவைப்பட்டது. அந்த வேலையில் பெரும்பகுதி, கூரையின் உட்துணியைக் கழற்றி ஆன்டெனாவை அமைப்பதிலேயே கழிந்தது.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது எஃகுக் கூரை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஃபிஷர் உடற்கூட்டுப் பிரிவு, ஒரே எஃகுத் தகட்டை அழுத்தி உருவாக்கிய ‘டரெட் டாப்’ கூரையை 1935ஆம் ஆண்டு மாடல்களில் கொண்டுவந்தது. பிற நிறுவனங்களும் விரைவில் அவ்வழிக்கு வந்தன. விபத்தில் உறுதியும் மழையில் பாதுகாப்பும் தந்த அந்தக் கூரை, தனக்குக் கீழே வைக்கப்படும் எந்த ஆன்டெனாவுக்கும் அலைகளை மறைக்கும் திரையாகவும் ஆனது. எனவே ஆன்டெனா, கதவுக்கு வெளியே ஏறி இறங்க உதவும் ஃபுட்போர்டின் அடிப்பக்கத்துக்குக் குடிபெயர்ந்தது. சேறும் கல்லும் தெறிக்கும் அந்த இடத்தில், தரையை ஒட்டிக் கிடந்த அது நன்றாக வேலை செய்யவில்லை என்பதோடு, சில ஆண்டுகளில் ஃபுட்போர்டுகளே கார்களிலிருந்து மறையத் தொடங்கின. வேறு வழியின்றிக் கம்பி வெளியே வந்து, பானட்டின் ஓரத்திலும் மட்கார்டின் மேலும் நின்றது.

வெறும் கம்பிதானே என்று எண்ணத் தோன்றினாலும், அதன் நீளத்துக்கும் வடத்துக்கும் காரணங்கள் உண்டு. ஓர் ஆன்டெனா சிறப்பாக இயங்க, அது பிடிக்க வேண்டிய அலையின் நீளத்தில் கால்பங்காவது இருப்பது நல்லது. வண்டியின் உலோக உடல் அதன் மறுபாதியாகச் செயல்படும். மத்திய அலை வரிசையில் 1000 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு அலைநீளம் 300 மீட்டர் என்பதால், கால்பங்கு 75 மீட்டர் ஆகிவிடுகிறது. அவ்வளவு உயரக் கம்பியை எந்த வண்டியும் சுமக்காது. ஆகவே ஒரு மீட்டருக்கும் குறைந்த மட்கார்டுக் கம்பி, மத்திய அலையைப் பொறுத்தவரை, மிகச்சிறிய மின்தேக்கியாகவே நடந்துகொள்கிறது. அது பிடிக்கும் நலிந்த மின்னழுத்தத்தை, கம்பியிலிருந்து பெட்டிக்குச் செல்லும் வடத்தின் மின்தேக்குதிறன் விழுங்கிவிடக்கூடும். இதனால்தான் கார் ஆன்டெனாவின் வடம் மயிரிழை போன்ற நடுக்கம்பியும் அதைச் சுற்றிப் பெரும்பாலும் காற்றும் கொண்டதாக, மின்தேக்குதிறன் குறைவாக இருக்கும்படி செய்யப்பட்டது. சாதாரணத் தொலைக்காட்சி வடத்தை ஒட்டுப்போட்டு நீட்டியவர்கள் மத்திய அலை நிலையங்களை இழந்ததற்கும் இதுவே காரணம். எட்வின் ஆம்ஸ்ட்ராங் உருவாக்கிய பண்பலை ஒலிபரப்பு 1945இல் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரிசைக்கு மாற்றப்பட்டபோது கணக்கு வேறானது. அங்கே அலைநீளம் சுமார் 3 மீட்டர். கால்பங்கு ஏறத்தாழ 76 சென்டிமீட்டர், அதாவது 30 அங்குலம். மட்கார்டுக் கம்பி 31 அங்குலத்தில் நிலைபெற்றது இந்தக் கணக்கை ஒட்டியே.

பிக்கப் வண்டிக்கு வானொலி தாமதமாகவே வந்தது. சரக்கு ஏற்றும் வண்டியில் பாட்டு எதற்கு என்ற எண்ணமே உற்பத்தியாளர்களிடம் நிலவியது. செவ்ரோலே நிறுவனம் 1947இல் வெளியிட்ட ‘அட்வான்ஸ் டிசைன்’ வரிசையில்தான் அதன் டிரக்குகளின் டாஷ்போர்டில் வானொலியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தரும் வசதி, கூடுதல் விலைக்கு, கிடைத்தது. ஆனால் வந்தபின் அதன் தேவை காரில் இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது. நகரத்துக் கார்காரருக்கு ஒலிபரப்புக் கோபுரம் சில மைல்களுக்குள் இருந்தது. பண்ணையாளருக்கோ அது நூறு மைலுக்கு அப்பாலும் இருக்கலாம். சிகாகோவின் டபிள்யூஎல்எஸ், நாஷ்வில்லின் டபிள்யூஎஸ்எம், டெமாயினின் டபிள்யூஎச்ஓ போன்ற 50,000 வாட் நிலையங்கள் தானிய விலையையும் வானிலையையும் நாட்டுப்புற இசையையும் பல மாநிலங்களுக்குக் கொண்டுசென்றன. இரவில், வளிமண்டலத்தின் மேலடுக்கில் மத்திய அலை பட்டுத் திரும்புவதால், அவற்றின் எல்லை மேலும் விரிந்தது. 1970களில் நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூடபிள்யூஎல் நிலையத்தில் சார்லி டக்ளஸும், ஃபோர்ட் வொர்த்தின் டபிள்யூபிஏபி நிலையத்தில் பில் மேக்கும் நள்ளிரவில் லாரி ஓட்டுநர்களுக்காகவே நிகழ்ச்சி நடத்தியது இந்த இயல்பை நம்பித்தான். நலிந்து வரும் அலையைப் பிடிக்க வேண்டிய இத்தகைய வண்டியில்தான், கம்பியை மறைக்கும் முயற்சி மிகுந்த எதிர்ப்பைச் சந்தித்தது.

அம்முயற்சி பான்டியாக் கிராண்ட் ப்ரீ என்ற சொகுசுக் காரின் 1969ஆம் ஆண்டு மாடலில் தொடங்கியது. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளும் நடுவே ஒரு பிளாஸ்டிக் படலமும் சேர்ந்து உருவாவது. அந்தப் படலத்தோடு மெல்லிய கம்பிகளைப் பதித்து, கண்ணாடியையே ஆன்டெனாவாக்கினர். தானியங்கிக் கார் கழுவும் நிலையங்களின் தூரிகைகள் கம்பியை முறிப்பதும், போக்கிரிகள் வளைத்துவிட்டுப் போவதும் இதனால் நின்றன. காரின் தோற்றமும் பொலிவுற்றது. 1973இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிக்கப் வரிசையைப் புதிதாக வடிவமைத்தபோது, பிற்காலத்தில் ‘ஸ்கொயர்பாடி’ என்று பெயர்பெற்ற அந்த வண்டிகளுக்கும் கண்ணாடி ஆன்டெனாவையே கொடுத்தது. கண்ணாடியின் நடுவில் கீழிருந்து மேலேறி, உச்சியில் இருபுறமும் பிரியும் இரண்டு இழைகளை உற்றுப் பார்த்தால்தான் காண முடியும். நகரத்துக்குள் அது போதுமானதாக இருந்தது. ஊரைத் தாண்டியதும் நிலையங்கள் மங்கின. பானட்டின் மேலேயே அமைந்த இழைகள் எஞ்சினின் இரைச்சலையும் எளிதில் வாங்கின. கண்ணாடிக்குள் இழை அறுந்தால் பழுது பார்க்க வழியில்லை என்பதும், கல்லடி பட்டுக் கண்ணாடி மாற்றும் பிக்கப்பில் ஒவ்வொரு முறையும் ஆன்டெனாவும் சேர்ந்தே போகும் என்பதும் உழைக்கும் வண்டிக்குப் பொருந்தாத குணங்கள்.

எனவே உரிமையாளர்கள் உதிரிப்பாகக் கடையில் மட்கார்டுக் கம்பியை வாங்கி வந்தனர். அந்த வேலையின் முறை இன்றும் பெரிதாக மாறவில்லை. வலது மட்கார்டில் இடத்தைக் குறித்து, ஏறத்தாழ ஓர் அங்குல விட்டத்துக்குத் துளை போடுவர்; துளையின் அடிப்பக்கத்தில் பெயின்டையும் துருவையும் சுரண்டி வெற்று உலோகத்தை வெளிக்கொணர்வர். ஆன்டெனாவின் அடிப்பாகத்தில் உள்ள பற்கள் அந்த வெற்று உலோகத்தைக் கவ்வுவதுதான் எர்த் இணைப்பு. பெயின்டைச் சுரண்டாமல் நட்டை மட்டும் இறுக்கிவிட்டுப் போனால், சில நாளில் மத்திய அலை முழுவதும் எஞ்சினின் சிணுங்கலாகிவிடும். பிறகு வடத்தை எஞ்சின் அறைச் சுவரிலுள்ள ரப்பர் வளையத்தின் வழியே டாஷ்போர்டுக்குள் இழுத்து, பெட்டியின் பின்புறம் செருகுவர். இறுதியில் ஒரு நுண்ணிய வேலை எஞ்சியிருக்கும்: 1400 கிலோஹெர்ட்ஸ் அருகே நலிவாகக் கேட்கும் ஒரு நிலையத்தைப் பிடித்து, பெட்டியிலுள்ள டிரிம்மர் என்னும் சிறு திருகை ஒலி உச்சம் பெறும்வரை மெல்லத் திருப்ப வேண்டும். கம்பி, வடம் ஆகியவற்றின் மின்தேக்குதிறனுக்குப் பெட்டியின் முதல் சுற்றை ஒத்திசைப்பது அந்தத் திருகு. இதைச் செய்யாமல் புதிய ஆன்டெனாவைக் குறை சொன்னவர்கள் பலர் இருந்திருப்பர்.

இதே ஆண்டுகளில் பிக்கப்பின் மேல் இன்னொரு கம்பியும் முளைத்தது. உரிமையாளர்களே பேசவும் கேட்கவும் உதவும் சிட்டிசன்ஸ் பேண்ட் என்னும் குறுந்தொலைவு வானொலிச் சேவைக்கு 27 மெகாஹெர்ட்ஸ் வரிசை 1958இல் ஒதுக்கப்பட்டிருந்தது. 1973இன் எண்ணெய்த் தட்டுப்பாடும், அடுத்த ஆண்டு நாடெங்கும் வந்த மணிக்கு 55 மைல் வேக வரம்பும், டீசல் எங்கே கிடைக்கிறது, போலீஸ் எங்கே நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள லாரி ஓட்டுநர்களை அதன்பால் தள்ளின. 1975இல் சி.டபிள்யூ. மெக்கால் பாடிய ‘கான்வாய்’ என்ற பாட்டு அந்த மோகத்தை வீட்டுக் கார்களுக்கும் பரப்பியது. 1977 தொடக்கத்தில் அலைத்தடங்கள் 23இலிருந்து 40ஆக உயர்ந்தன. இந்த அதிர்வெண்ணுக்குக் கால்பங்குக் கம்பி ஏறத்தாழ 9 அடி. சரக்குத் தொட்டியின் மூலையிலோ பின் பம்பரிலோ அவ்வளவு நீளக் கம்பியை நட பிக்கப்பில் இடம் இருந்தது. மற்றவர்கள் அடியில் கம்பிச்சுருள் வைத்துக் குறுக்கிய ஆன்டெனாவைக் காந்தத்தால் கூரையில் ஒட்டிக்கொண்டனர். கேட்பதற்கு மட்டுமான ஆன்டெனாவில் தவறு நேர்ந்தால் ஒலி மங்கும், அவ்வளவே. பேசும் ஆன்டெனா பொருந்தாவிட்டால் அனுப்பிய ஆற்றல் திரும்பி வந்து பெட்டியின் டிரான்சிஸ்டரையே கெடுக்கக்கூடும். அதனால் நிலையலை விகிதமானி என்ற அளவுக்கருவியை இணைத்து, கம்பியின் நுனியைச் சிறிது சிறிதாகச் சீராக்குவது அப்போது வீட்டுக் கொட்டகைகளில் பரவலாகக் கற்கப்பட்ட கலையாயிற்று.

காற்றில் கம்பி விசிலடிப்பதைத் தடுக்க அதைச் சுற்றிச் சுருள்வரி இடப்பட்டது; இது ஆலைப் புகைபோக்கிகளில் காற்றின் அதிர்வைக் குறைக்கும் அதே உத்தி. வேறுவகையில் கம்பி பல ஆண்டுகள் மாறாமல் நின்றது. மாற்றம் 2001, 2002ஆம் ஆண்டுகளில் எக்ஸ்எம், சிரியஸ் என்னும் செயற்கைக்கோள் வானொலிகளோடு வந்தது. அவை பயன்படுத்திய 2.3 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 13 சென்டிமீட்டர் மட்டுமே. கூரையில் சுறாத் துடுப்பு வடிவில் ஒட்டிய சிறு உறைக்குள் அதற்கான ஆன்டெனா அடங்கிவிட்டது. அந்தத் தோற்றம் கண்ணுக்குப் பழகியதும், பிக்கப் உரிமையாளர்களில் ஒரு சாரார் முதன்முறையாக எதிர்த்திசையில் நடந்தனர்: 31 அங்குலக் கம்பியைத் திருகிக் கழற்றிவிட்டு, துப்பாக்கித் தோட்டாவைப் போன்ற சில அங்குலக் குட்டைக் கம்பியைப் பொருத்திக்கொண்டனர். கராஜ் கதவில் இடிக்காது, பார்க்க எடுப்பாக இருக்கும் என்பது உண்மையே. ஆனால் கால் அலைநீளம் என்ற கணக்கு அழகுக்காக வளைந்துகொடுப்பதில்லை. நகர்ப் பண்பலையோடு நின்றுவிடுபவருக்கு அந்த இழப்பு தெரியாது. தொலைதூர மத்திய அலையைத் தேடுபவருக்கு உடனே தெரியும்.

அந்தத் தேடலே தேவையற்றது என்ற முடிவுக்கு உற்பத்தியாளர்கள் வந்தது மின்சார வண்டிகளின் காலத்தில். மோட்டாரை இயக்கும் மின்மாற்று அமைப்புகள் மத்திய அலை வரிசையில் கடும் இரைச்சலை எழுப்புவதால், பல நிறுவனங்கள் தங்கள் மின்சாரக் கார்களில் அந்த வரிசையையே நீக்கின. ஃபோர்டு நிறுவனம் 2023இல் எஃப்-150 லைட்னிங் என்னும் மின்சாரப் பிக்கப்பிலும் அதை நிறுத்தியதோடு, 2024 முதல் பெரும்பாலான புதிய வண்டிகளில் நீக்கத் திட்டமிட்டது. பேரிடர் எச்சரிக்கைகள் நாட்டுப்புறத்துக்குச் சென்றுசேர மத்திய அலையே நம்பகமான வழி என்று எதிர்ப்பு எழுந்து, எல்லா வண்டிகளிலும் அதைக் கட்டாயமாக்கும் மசோதா ஒன்றும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. 2023 மே மாதத்திலேயே ஃபோர்டின் தலைமைச் செயல் அலுவலர் ஜிம் ஃபார்லி முடிவைத் திரும்பப் பெற்றார். ஏற்கெனவே விற்றுவிட்ட மின்சார வண்டிகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பு மூலமே மத்திய அலை திரும்ப அளிக்கப்படும் என்றும் அவர் அறிவித்தார். புதிய துளையோ வடமோ டிரிம்மர் திருகோ அதற்குத் தேவைப்படவில்லை. அலையை வாங்கும் பாகங்கள் அந்த வண்டிகளில் முன்பே இருந்தன.