அடைக்கலம்: ஒப்படைப்பவரும் ஏற்பவரும்

அடைக்கலம் என்றால் ஆபத்தில் ஓடிப் புகும் இடம் என்றே இன்று பொருள் கொள்கிறோம். அகராதி இன்னொரு பொருளும் தரும்: காத்துத் தரும்படி ஒருவர் கையில் ஒப்படைத்த பொருள். புகலிடமும் அடைக்கலம், ஒப்படைத்ததும் அடைக்கலம். ஆவிக்குரிய போராட்டத்தில் ‘ஆண்டவரே, நீரே அடைக்கலம்’ என்று ஜெபிக்கும் விசுவாசியின் சொல்லில் இந்த இரண்டாம் பொருளும் உறைந்திருக்கிறது.

அதன் கனம் சிலப்பதிகாரத்தில் தெரியும். மதுரைக்கு வெளியே சமணத் துறவி கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல மாதரியிடம் ஒப்படைக்கிறார். அப்பகுதிக்குப் பெயரே அடைக்கலக் காதை. கண்ணகியின் கணவன் கோவலன் கொலையுண்டபின், அடைக்கலத்தை இழந்துவிட்டோமே என்று மாதரி தீயில் புகுந்த செய்தியை நீர்ப்படைக் காதை சொல்கிறது. ஒப்படைத்தவர் போய்விடலாம், ஏற்றவருக்குத்தான் பொறுப்பு.

திருவாசகத்தின் அடைக்கலப் பத்தில் மாணிக்கவாசகர் சிவனை அடைக்கலம் என்று அழைக்கவில்லை. தம்மையே சிவனுடைய அடைக்கலம் என்கிறார். பக்தன் இங்கே ஒப்படைக்கப்பட்ட பொருள்.

தமிழ் வேதாகமத்தின் 46ஆம் சங்கீதத்தில் அதே சொல் திசை மாறுகிறது: கடவுளே அடைக்கலம். அங்குள்ள எபிரெயச் சொல் ‘மஹசே’, ஒதுங்கும் இடம். எண்ணாகமம் 35ஆம் அதிகாரம் பேசும் நகரங்களுக்கு எபிரெயத்தில் வேறு சொல், ‘மிக்லாத்’. தமிழில் அவையும் அடைக்கலப் பட்டணங்களே.

கைப்பிசகாய் ஒருவனைக் கொன்றவன், பழிவாங்க வருபவனிடமிருந்து தப்ப ஓடும் ஊர்கள் அவை. யோர்தானுக்கு மேற்கே கேதேஸ், சீகேம், எப்ரோன். கிழக்கே பேசேர், ராமோத், கோலான் என ஆறு. வந்தவன் பட்டண வாசலில் நின்று மூப்பரிடம் தன் வழக்கைச் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே கொன்றவனுக்கு அங்கே இடமில்லை. ஏற்கப்பட்டவனும் பிரதான ஆசாரியர் இறக்கும்வரை எல்லை தாண்டக் கூடாது; தாண்டினால் காவல் இல்லை. ஓடி வந்தால் மட்டும் போதாது, உள்ளே தங்கவும் வேண்டும்.

ஒரு பறவையின் பெயரிலும் இச்சொல் உண்டு. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 84ஆம் சங்கீதத்தில் ஆலயப் பீடத்தருகே வீடு காணும் பறவை அடைக்கலான் குருவி. காசுக்கு இரண்டாக விற்கப்படும் குருவிகளைப் பற்றி இயேசு பேசும்போதும் மத்தேயுவில் அதே பெயர்தான். நம் சிட்டுக்குருவிதான் அது. வீட்டு இறவாணத்தில் வந்து ஒண்டுவதால் இந்தப் பெயர். எபிரெயத்தில் வெறும் பறவையாகவும் கிரேக்கத்தில் வெறும் குருவியாகவும் இருந்தது தமிழுக்கு வந்ததும் அடைக்கலம் புகுந்த உயிராகிவிட்டது. கத்தோலிக்க வழக்கிலும் இச்சொல் ஊன்றியிருக்கிறது. கொள்ளிடக் கரை ஏலாக்குறிச்சியின் அன்னைக்கு அடைக்கல மாதா என்று பெயர். வீரமாமுனிவர் அவ்வூரைத் திருக்காவலூர் என்று பாடினார். அடைக்கலம், அடைக்கலசாமி, அடைக்கலராஜ் என்று பிள்ளைகளுக்குப் பெயரிடுவதும் உண்டு.

இரண்டு பொருளும் ஒன்றுசேரும் இடம் சிலுவை. இயேசு தம் ஆவியைத் தந்தையின் கையில் ஒப்படைத்ததாக லூக்கா எழுதுகிறார். அச்சொற்கள் 31ஆம் சங்கீதத்தினுடையவை. அங்கே வரும் எபிரெய வினைக்குக் காவலுக்கு ஒப்படைத்தல் என்ற பொருளுண்டு. விலங்கிடப்பட்ட நிலையில் தீமோத்தேயுவுக்கு எழுதும் பவுலும், நான் ஒப்படைத்ததைக் கடைசிவரை காக்க வல்லவர் இன்னாரென்று அறிவேன் என்கிறார். அவர் அளப்பது ஏற்றவரின் வல்லமையை. தன் பற்றுறுதியை அல்ல.

சோதனையில் பலர் தங்கள் விசுவாசம் போதுமா என்று எடைபோட்டே களைத்துப்போகிறார்கள். ஒப்படைத்த பொருளின் பாரம் ஏற்றவருடையது. மாதரி மனுஷி, காக்க முடியாமல் போயிற்று. கிறிஸ்தவர் தம்மை ஒப்படைப்பது அடைக்கலத்தை இழக்காத ஒருவரிடம். ஒப்படைத்தவருக்கு எஞ்சும் வேலை ஒன்றே: எல்லைக்குள் இருப்பது.