நேர வேறுபாட்டுப் புகுபதிகை வழு

நேர வேறுபாட்டுப் புகுபதிகை வழு என்பது, ஒரு கணினியின் கடிகாரமும் புகுபதிகையைச் சரிபார்க்கும் வழங்கியின் கடிகாரமும் அனுமதிக்கப்பட்ட அளவைவிட வேறுபடும்போது ஏற்படும் வலையமைப்பு வழு ஆகும். சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் பயனருக்கு அனுமதி மறுக்கப்படலாம். கெர்பரோஸ் நெறிமுறையைப் பயன்படுத்தும் விண்டோஸ் 2000, விண்டோஸ் எக்ஸ்பி முதலிய இயங்குதளங்களில் இவ்வழு தோன்றக்கூடும்.

பின்னணி

கெர்பரோஸ், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1983இல் தொடங்கிய அதீனா திட்டத்தின் பகுதியாக உருவாக்கப்பட்டது. இதன் 5ஆம் பதிப்பு 1993இல் வரையறுக்கப்பட்டது. விண்டோஸ் என்டி 4.0 வேறொரு நெறிமுறையைப் பயன்படுத்தியது. 2000ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் 2000இல் கெர்பரோஸ் இயல்பான நெறிமுறையாயிற்று.

நேரத்தின் பங்கு

கெர்பரோசில் கடவுச்சொல் வலையமைப்பின் வழியே அனுப்பப்படுவதில்லை. கடவுச்சொல்லிலிருந்து பெறப்படும் திறவியைக் கொண்டு, கணினி தன் அப்போதைய நேரத்தை மறைக்குறியாக்கி அனுப்புகிறது. வழங்கி அதனைப் பிரித்துத் தன் நேரத்துடன் ஒப்பிடுகிறது. இடையில் கவர்ந்த செய்தியை ஒருவர் பின்னர் மீண்டும் அனுப்பி ஏமாற்றுவதைத் தடுப்பதே இதன் நோக்கமாகும். விண்டோசில் இயல்பாக அனுமதிக்கப்படும் வேறுபாடு 5 நிமிடங்கள்.

காரணங்கள்

* தாய்ப்பலகையின் மின்கலம் தீர்ந்துபோதல். பல கணினிகளில் இது சிஆர்2032 எனும் 3 வோல்ட் லித்தியம் மின்கலமாகும். இது தீர்ந்தால், மின்சாரம் துண்டிக்கப்படும்போது நாளும் நேரமும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.
* நேர ஒத்திசைவுச் சேவை நிறுத்தப்பட்டிருத்தல், அல்லது அது பயன்படுத்தும் 123ஆம் துறையைத் தீச்சுவர் தடுத்தல்.
* நேர வலயம் தவறாக இருத்தல். கெர்பரோஸ் ஒப்பிடுவது திரையில் தெரியும் நேரத்தை அன்று; ஒருங்கிணைந்த சர்வதேச நேரத்தையே. எடுத்துக்காட்டாக, இலங்கை 2006 ஏப்ரல் 15 அன்று +6:00இலிருந்து +5:30க்கு மாறியது. பழைய வலய அட்டவணை கொண்ட கணினியில் கடிகாரத்தை மட்டும் கையால் அரைமணி பின்தள்ளினால், திரையில் நேரம் சரியாகத் தெரியும்; ஆனால் கணினி 30 நிமிடம் பின்தங்கியிருக்கும்.

தீர்வு

முதலில் பாதிப்பின் பரப்பை அறிதல் வேண்டும். ஒரு கணினியில் மட்டும் வழு தோன்றினால் அக்கணினியின் கடிகாரத்தையும், பல கணினிகளில் ஒரே வேளையில் தோன்றினால் வழங்கியின் கடிகாரத்தையும் முதலில் ஐயுறலாம். பின்னர்,

# வலையமைப்புக் கணக்கைத் தவிர்த்து, அக்கணினியின் உள்ளக நிருவாகிக் கணக்கில் புகவும்.
# ஆண்டு, நாள், நேரம், முற்பகல்/பிற்பகல், நேர வலயம் ஆகிய அனைத்தையும் சரிபார்த்துத் திருத்தவும்.
# நேர ஒத்திசைவுச் சேவையை இயக்கி, மீண்டும் புகுபதியவும்.
# கணினியை அணைத்து மின்னிணைப்பைத் துண்டித்தபின் நேரம் மீண்டும் தவறினால் மின்கலத்தை மாற்றவும்.

கடவுச்சொல்லை மாற்றுவதால் இவ்வழு நீங்காது. அனுமதிக்கப்படும் வேறுபாட்டை நிருவாகி அதிகரிக்க இயலும். எனினும் அது கவரப்பட்ட செய்தி செல்லுபடியாகும் காலத்தையும் நீட்டிப்பதால், கடிகாரத்தைத் திருத்துவதே பாதுகாப்பான வழியாகும்.