கம்பெனிக் கணக்கேட்டில் நம் கதை

எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒரு நாள் கேட்டாள்: “ஐயா, எங்கள் பாட்டனார் பால்மரம் வெட்ட வருவதற்கு முன்னால் தமிழர் யாரும் இந்த நாட்டுக்கு வரவில்லையா?”

வந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றிக்கொண்டு மலாக்காவுக்கு வந்த வணிகர் பலர். 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடிப்பதற்கு முன்பே அவர்கள் அங்கே செல்வாக்குடன் வாழ்ந்தனர். பின்னாளில் நடந்தவற்றை அறிய நமக்குப் பெரிதும் உதவுவது எது தெரியுமா? அந்நியக் கம்பெனி ஒன்றின் கணக்கேடுகள்!

1602இல் டச்சுக்காரர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினர். அவர்களுக்கு வேண்டியது கிராம்பும் சாதிக்காயும். அவை விளைந்த மலுக்குத் தீவுகளின் மக்களோ, சோழமண்டலத் துணியை விரும்பினர். ஆகவே துணி வாங்கக் கம்பெனி தமிழகக் கரைக்கு வந்தது. பழவேற்காட்டில் கோட்டை அமைத்தது. 1641இல் மலாக்காவையும், 1658இல் நாகப்பட்டினத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து பறித்தது.

கம்பெனி உள்ளூர் வணிகரிடம் பணம் கொடுக்கும். வணிகர் நெசவாளருக்கு முன்பணம் கொடுப்பர். நெசவாளர் துணி நெய்து கடனைக் கழிக்க வேண்டும். கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கப்பலேறிய நம் முன்னோருக்கு இந்த வழி புதிதல்லவே!

துணி மட்டுமா கப்பலேறியது? 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையில் கடும் பஞ்சம். பசியால் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரைக் கம்பெனி அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அனுப்பியது. ஏடுகளில் அவர்கள் தலைக்கணக்காகவே நிற்கிறார்கள். பெரிய வணிகருக்குப் பெயர் உண்டு. ஏழைக்கு எண் மட்டுமே. அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த மனிதனைத் தேடிக் காண்பதே ஆராய்ச்சியாளரின் வேலை.

அது எளிய வேலையன்று. கம்பெனி 1799இல் மறைந்தது. ஆனால் ஏறக்குறைய 2 கோடியே 50 லட்சம் பக்கங்கள் எஞ்சியுள்ளன. அவை ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, சென்னை, கேப் டவுன் ஆகிய நகரங்களில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கப் பழைய டச்சு மொழியும், அக்காலக் கையெழுத்தும் பழக வேண்டும். ஆண்டுகள் ஓடும். அதுவரை ஆராய்பவன் சாப்பிட வேண்டாமா? அதற்காகத்தான் டாக்டர் பட்ட ஆய்வுக்கு உபகாரச் சம்பளம் தருகிறார்கள். 2000ஆம் ஆண்டையொட்டி நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம் ஆசிய இளைஞர்கள் பலருக்கு அவ்வாறு பொருளுதவி தந்து, பழைய டச்சு மொழியையும் கற்பித்தது.

அதற்கு முன்பே இப்பாதையில் நடந்தவர் சின்னப்பா அரசரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்த இவர், இலங்கையில் டச்சுக்காரர் ஆட்சியை ஆராய்ந்து நூல் எழுதினார். 1960களில் நம் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தார். சோழமண்டல வணிகர் கம்பெனிக்குக் கைகட்டி நின்ற ஏவலர் மட்டுமல்லர், கணக்கறிந்து பேரம் பேசிய தொழில் வல்லுநர் என்பதை அந்த ஏடுகளைக் கொண்டே காட்டினார்.

பெற்றோர்களே, மலாக்காவுக்குச் சென்றால் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். டச்சுக்காரர் காலத்தில் மலாக்காச் செட்டிகள் கட்டிய கோயில் அது. வரலாறு படிக்க விரும்பும் பிள்ளையிடம், “அது சோறு போடுமா?” என்று கேட்டு மடக்கிவிடாதீர்கள். உதவிச் சம்பளம் உண்டு, விசாரியுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய சம்பளச் சீட்டையும், கப்பல் பயணத் தாளையும் எறிந்துவிடாதீர்கள். பாட்டி சொல்லும் கதையைப் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். கம்பெனி தன் கணக்கை எழுதி வைத்தது. நம் கணக்கை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.