எட்டாமவருக்கு இடமுண்டா?

ஓசூர் எல்லைப்புற ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் அதன் கடைத்தெருவில் நெடுங்காலமாக உறவாடி வருகின்றன. 1970-களில் அங்கே சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. 1980-இல் அசோக் லேலண்ட் தொழிற்சாலை தோன்றியது. பல மாவட்டங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து குடியேறினர். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி மறைமாவட்டம் உருவானபோது, இப்புதிய குடிகளும் அதன் மந்தையாயினர். இன்றோ ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலத்தாரும் அங்கே உழைக்கின்றனர்.

ஆனால், இத்தகைய ஊர்களின் பிறரன்புச் சபைகளில் நாம் காண்பது பெரும்பாலும் பழைய முகங்களையே. "சேர ஆளில்லை" என்று பெருமூச்செறிகிறோம். உண்மையில் ஆளில்லையா, அல்லது நம்மிடம் இடமில்லையா? இவ்வினாவை வரலாற்றிடமே கேட்போம்.

1833-ஆம் ஆண்டு பாரீஸ் நகரில் கல்லூரி மாணவர்கள் சிலர் வரலாற்று விவாத மன்றம் ஒன்றில் கூடிவந்தனர். பலவகைக் கொள்கையினருக்கும் அங்கே இடமிருந்தது. திருச்சபை அன்று செய்த நன்மைகள் இருக்கட்டும், இன்று நீங்கள் செய்வது என்ன என்ற கேள்வி அங்கே எழுந்தது. இருபது வயதே நிரம்பிய பிரெடரிக் ஓசானாமின் உள்ளத்தில் அது தைத்தது. ஏப்ரல் 23 அன்று மாணவர் அறுவரும், மூத்தவரான எம்மானுவேல் பாய்யியும் கூடினர். எழுவரோடு பிறந்தது புனித வின்சென்ட் தே பவுல் சபை. ஏழைகளின் இல்லங்களுக்குச் செல்லும் வழியை அவர்களுக்குக் காட்டியவர் அருட்சகோதரி ரோசாலி ரெந்து.

சிறிது காலத்தில் எட்டாமவர் ஒருவர் சேர விரும்பினார். எழுவருள் சிலர் தயங்கினர். புதியவர் வந்தால் தங்கள் நட்பின் நெருக்கம் குலைந்துவிடுமோ என்ற அச்சமே காரணம். புனிதமான பணியிலும் இத்தகைய அச்சம் எவ்வளவு எளிதில் நுழைந்துவிடுகிறது! நல்லவேளையாகக் கதவு திறந்தது. 1834-ஆம் ஆண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ நூறு பேர் சேர்ந்துவிட்டனர்.

அடுத்து வந்த சோதனை இன்னும் கடியது. ஓர் அறை கொள்ளாத சபையைப் பிரிக்க வேண்டும் என ஓசானாம் டிசம்பரில் முன்மொழிந்தார். நண்பர்களே எதிர்த்தனர், வாதம் சூடேறியது. எனினும் 1835-இன் தொடக்கத்தில் சபை இரு பிரிவுகளாயிற்று. பிரிந்ததனால் அது அழியவில்லை, பெருகிற்று. 1845-இல் அமெரிக்காவையும், 1863-இல் இந்திய மண்ணில் புனே நகரையும் எட்டியது.

வந்தவர்களை நிலைக்கச் செய்தது எது? இருவர் இருவராக இல்லங்களைச் சந்திக்கும் வழக்கம் முதலாவது. புதியவர் வாசலருகே வேடிக்கை பார்ப்பவராக அமர்வதில்லை. அனுபவமுள்ளவரோடு தாமும் பணிக்குச் செல்கிறார். கூட்டத்தில் நடைபெறும் இரகசியக் காணிக்கை மற்றொன்று. யார் எவ்வளவு இட்டார் என்று எவரும் அறியார். ஆகவே செல்வரும் கூலித் தொழிலாளியும் கூச்சமின்றி ஒரே வரிசையில் அமர முடிகிறது.

இத்தகைய சபையும் தவறாது நடந்துவிடவில்லை. பெண்களுக்கு அது நெடுங்காலம் இடமளிக்கவில்லை. 1856-இல் இத்தாலியின் பொலோஞா நகரில் பெண்கள் தங்களுக்கெனத் தனிச்சபை கண்டனர். இரண்டும் இணைந்தது 1967-இல்தான். எட்டாமவருக்காகச் சில நாள் தயங்கியோர், சகோதரிகளுக்காக நூற்றுப் பதினொரு ஆண்டுகள் தயங்கினர்!

மீண்டும் ஓசூருக்கு வருவோம். இரவு ஷிப்டு முடித்துக் காலையில் கண்ணயரும் தொழிலாளியை ஞாயிறு காலைக் கூட்டத்திற்கு அழைத்துவிட்டு, அவர் வரவில்லை என்று குறைகூறுவது நியாயமா? தொழிற்சாலை விடுதியில் தங்கியிருக்கும் ஜார்க்கண்டின் பழங்குடிப் பெண்ணையும் எண்ணிப் பார்ப்போம். 1885-இல் கான்ஸ்டன்ட் லீவன்ஸ் அடிகளார் பணி தொடங்கிய சோட்டாநாக்பூர் மண் அது. விசுவாசத்தில் அவள் நமக்கு அந்நியள் அல்லள். ஆயினும் நாம் அவளை உதவி பெறுபவளாக மட்டுமே பார்க்கிறோம். உதவி செய்யவும் அவளால் முடியும். தன்னைப்போல் புதிதாக வந்திறங்குவோரின் மொழியும் தனிமையும் நம்மைவிட அவளுக்கன்றோ நன்கு தெரியும்?

கூட்ட நேரத்தை மாற்றலாம். அறிக்கையை இரு மொழிகளில் வாசிக்கலாம். ஒரு பிரிவை விடுதியருகே தொடங்கி, பொறுப்பை அவர்களிடமே ஒப்படைக்கலாம். இவற்றிற்குப் பணம் வேண்டியதில்லை. "இது எங்கள் சபை" என்ற பிடியைச் சற்றே தளர்த்தினால் போதும்.

எழுவரும் அன்று எட்டாமவரை மறுத்திருந்தால், நம் ஊர்களுக்கு இச்சபை வந்திருக்குமா? அந்த எட்டாமவரின் வழியில் வந்தவர்களே நாமும். நமக்குத் திறந்த கதவை நாம் யாருக்காகத் திறந்து வைத்திருக்கிறோம்?