ராமனின் 1921 பயணமும் ஒரு சிலிக்கான் வளையமும்

நெல்லையப்பர் கோவில் மணிமண்டபத்து இசைத்தூண்களைத் தெரியாத திருநெல்வேலிக்காரர் இருக்க மாட்டார். ஒரே கல்லில் கொத்தாகச் செதுக்கின தூண்கள். தட்டினால் ஒவ்வொண்ணும் ஒரு சுரம். அதன் நீளமும் பருமனும் எப்படியோ அப்படித்தான் அதிரும். அதே அதிர்வு வெளியிலிருந்து வந்தால் சேர்ந்து ஆடும், மற்றதைக் கண்டுக்காது. இதுதான் ஒத்ததிர்வு. இணையத்தைச் சுமக்கிற ஒளிச் சில்லுகளில் இதே வேலையை ஒளியை வச்சு செய்யறாங்க.

எதுக்கு? ஒரே கண்ணாடி இழையில் பல நிற ஒளிகள் சேர்ந்து ஓடும். ஒவ்வொரு நிறமும் தனித்தனிச் செய்தி. தாமிரபரணியில் 8 அணைக்கட்டு, 11 கால்வாய். சுத்தமல்லியில் நெல்லைக் கால்வாய் பிரியுதில்லையா, அதுமாதிரி வழியில ஒரு நிறத்தை மட்டும் பிரிக்கணும். ஆத்துத் தண்ணிக்கு அடையாளம் கிடையாது, எது வந்தாலும் கால்வாய் எடுத்துக்கும். ஒளிக்கு அப்படி முடியாது. ஒரு நிறம் வெளியே வரணும், மற்றதெல்லாம் அலுங்காமப் போகணும். இதைச் செய்யறதுதான் வடிகட்டி.

சரி, கதைக்கு வருவோம். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்துக் கோபுரத்துக்குள் ஒரு வட்ட மாடம் உண்டு. சுவரோரமா கிசுகிசுத்தா எதிர்ப்பக்கம் கேட்கும். ஓசை சுவரைத் தழுவிக்கிட்டே போகுதுன்னு ராலே பிரபு விளக்கினார். 1910-இல் கணக்கும் போட்டுக் காட்டினார். 1921-இல் ஆக்ஸ்ஃபோர்ட் மாநாட்டுக்குப் போன ஒரு கல்கத்தா பேராசிரியர், அந்த மாடத்தில் சதர்லாண்ட் என்பவரோட சேர்ந்து சோதனை செஞ்சு பார்த்தார். அவர்தான் திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன். அங்கே கேட்டது முழுசும் ராலே கணக்குக்குள் அடங்கலைன்னு எழுதினார்.

அதே பயணத்தில் கப்பலில் திரும்பும்போதுதான் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை யோசிக்க வச்சது. அது 1928-இல் ராமன் விளைவு, 1930-இல் நோபல் பரிசு. இந்தப் பாதியைப் பள்ளிக்கூடத்திலேயே படிச்சுடறோம். மாடத்தைப் பத்தின பாதியை யாரும் பேசறதில்லை.

1969-இல் பெல் ஆய்வகத்தின் மார்க்காட்டிலி ஒரு யோசனை சொன்னார். ஒளி போகும் வாய்க்கால் பக்கத்தில் ஒரு வட்ட வாய்க்கால். ஒரு சுற்றின் நீளத்துக்குள் எந்த நிறத்தின் அலை முழு எண்ணிக்கையில் அடங்குதோ, அது மட்டும் வட்டத்துக்குள் ஏறிச் சுத்திச்சுத்தி வலுக்கும். மறுபக்க வாய்க்காலில் இறங்கிடும். அவர் ராமனைப் படிச்சுத்தான் சொன்னார்னு நான் சொல்ல வரலை. ஆனா மாடத்து ஓசையும் வளையத்து ஒளியும் ஒரே குடும்பம்.

1985 வாக்கில் ரிச்சர்ட் சோரெஃப் சிலிக்கானைக் கையில் எடுத்தார். நம்ம கண்ணுக்குச் சிலிக்கான் கருங்கல் மாதிரி; இழையில் ஓடற 1.55 மைக்ரான் அகச்சிவப்பு ஒளிக்கோ கண்ணாடி. ஒளிவிலகல் எண் சுமார் 3.5, சுத்தியுள்ள சிலிக்காவுக்கு 1.44. அதனால் ஒளி இறுக்கமா அடைபட்டு, 5 மைக்ரான் ஆரத்தில்கூட வளைஞ்சு ஓடும். தலைமுடியின் குறுக்கே ஏழெட்டு வளையம் வைக்கலாம்!

ஒரே எதிரி வெயில். ஒரு டிகிரி சூடு ஏறினா வளையம் பிடிக்கிற நிறம் சுமார் 0.08 நானோமீட்டர் நகரும். பக்கத்து நிறத்துக்கான இடைவெளி 0.8 தான். பத்து டிகிரி ஏறினா அடுத்தவன் செய்தி நம்ம வாய்க்காலில் வரும். நெல்லைச் சித்திரை வெயிலை நினைச்சுப் பாருங்க :-) அதனாலதான் வளையத்து மேலேயே குட்டி ஹீட்டர் வச்சு, ஒரே சூட்டில் நிறுத்தறாங்க.

2007-இல் இன்டெல்காரர்கள் ஓட்டப்பந்தயப் பாதை மாதிரி நீண்ட ஒரு சிலிக்கான் வளையத்துக்குள் ராமன் விளைவை வச்சே லேசர் செஞ்சாங்க. 1921 பயணத்தின் ரெண்டு பாதியும் ஒரு சில்லுக்குள் சேர்ந்தது. செஞ்சது கலிஃபோர்னியாக் கம்பெனி, நாம இல்லை. சென்னை ஐஐடியில் பிஜோய் கிருஷ்ண தாஸ் குழு இந்த வளையங்களை வடிவமைச்சு, செய்தும் பார்க்கறாங்க என்பது ஆறுதல்.

மாடத்தில் காதை வச்சு நின்ன மனுஷன்கிட்ட 'இதால என்ன லாபம்?'னு யாராவது கேட்டிருந்தா அவரிடம் பதில் இருந்திருக்காது. பதில் வர 48 வருஷம் ஆச்சு. இன்னைக்கு ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு வர்ற பிள்ளைகளிடம் முதல் கேள்வியா நாம கேட்கறதே அதைத்தான்.