துணைப்பாடமாய்ப் பிறந்த பட்டம்: எடின்பரோவும் செயற்கை நுண்ணறிவு இளநிலைக் கல்வியும்

செயற்கை நுண்ணறிவு என்னும் துறைப்பெயர் 1956இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் நடந்த கோடைக்கால ஆய்வுக் கூடுகையோடு நிலைபெற்றது என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. ஆனால், பள்ளிப்படிப்பை அப்போதுதான் முடித்து வரும் இளைஞர்களுக்கு அதை ஒழுங்கான பாடமாகக் கற்பிக்கலாம் என்னும் எண்ணம் செயல்வடிவம் பெற ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. அவ்வெண்ணம் முதலில் வேர்பிடித்த இடங்களுள் முதன்மையானது ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோ. அங்கே அப்படிப்பு ஒரு வெற்றியின் விளைவாக எழவில்லை. துறையின் ஆய்வுகளுக்குப் பேரிடி விழுந்த வேளையில், வேறு பாடங்களின் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு, துணைப்பாடமாகவே அது பிறந்தது.

எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கு அடித்தளமிட்ட டொனால்ட் மிக்கி, இரண்டாம் உலகப்போரின்போது இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியச் சங்கேதச் செய்திகளை உடைக்கும் பணியில் இருந்தவர். அங்கே ஆலன் டியூரிங்கோடு சதுரங்கம் ஆடியும், எந்திரம் சிந்திக்க இயலுமா என்று விவாதித்தும் பழகியவர். போருக்குப் பின் அவர் எலிகளின் மரபியலை ஆராய்ந்து பெயர்பெற்றார். 1958இல் எடின்பரோவுக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்த பதவி அறுவை மருத்துவ அறிவியல் துறையில்தான் இருந்தது. கணிப்பொறி கைக்கு எட்டாத அக்காலத்தில், எந்திரம் அனுபவத்தால் கற்கும் என்பதை மெய்ப்பிக்க அவர் தீப்பெட்டிகளை எடுத்துக்கொண்டார். மூன்றுக்கு மூன்று கட்டத்தில் ஒருவர் வட்டமும் மற்றவர் பெருக்கல் குறியும் மாறிமாறி இடும் எளிய ஆட்டத்தில் எழக்கூடிய நிலைகளை, ஒன்றுபோன்றவற்றைச் சேர்த்து 304 ஆகச் சுருக்கி, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தீப்பெட்டி என அடுக்கினார். பெட்டிக்குள் வண்ண மணிகள் இருந்தன, ஒவ்வொரு வண்ணமும் ஒரு கட்டத்தைக் குறித்தது. அந்நிலைக்குரிய பெட்டியைக் குலுக்கி, தற்செயலாக வரும் மணி காட்டும் கட்டத்தில் பெட்டியடுக்கு தன் ஆட்டத்தை ஆடும். ஆட்டம் முடிந்தபின், வென்றிருந்தால் பயன்பட்ட ஒவ்வொரு பெட்டியிலும் அதே வண்ணத்தில் மூன்று மணிகள் கூட்டப்படும், சமநிலையில் முடிந்திருந்தால் ஒன்று கூட்டப்படும், தோற்றிருந்தால் எடுத்த மணி திரும்பப் போடப்படாது. நாள்பட நல்ல ஆட்டங்களுக்குரிய மணிகள் பெருகி, கெட்டவை அருகும். பரிசும் தண்டனையும் கொண்டு கற்கும் இம்முறை இன்று வலுவூட்டல் கற்றல் என்ற பெயரில் செயற்கை நுண்ணறிவுப் பட்டங்கள் பலவற்றில் ஒரு தாளாக இடம்பெறுகிறது. அதைக் கற்கும் மாணவருக்குத் தீப்பெட்டிகளைவிடத் தெளிவான விளக்கம் இன்றும் கிடைப்பது அரிது.

1963இல் ஹோப் பார்க் சதுக்கத்தின் ஒரு சிறு கட்டடத்தில் மிக்கி தொடங்கிய சிறு ஆய்வுக் குழு, 1965இல் சோதனை நிரலாக்கப் பிரிவாகி, 1966இல் எந்திர நுண்ணறிவு மற்றும் புலனுணர்வுத் துறையாக வளர்ந்தது. மறு ஆண்டில் கேம்பிரிட்ஜிலிருந்து இருவர் வந்து சேர்ந்தனர்: ஒருவர் கோட்பாட்டு வேதியியலில் புகழின் உச்சியில் இருந்த கிறிஸ்டோபர் லாங்கெட்-ஹிக்கின்ஸ், மற்றவர் கண்ணை ஏமாற்றும் தோற்றங்களைக் கொண்டு பார்வையின் இயல்பை ஆராய்ந்த உளவியலாளர் ரிச்சர்ட் கிரெகரி. மரபியலும் வேதியியலும் உளவியலும் ஒரே கூரையின்கீழ் கூடிய இச்சேர்க்கை அறிவுக்குச் செழிப்பாகவும் நிர்வாகத்துக்குத் தலைவலியாகவும் அமைந்தது. மூவரும் ஒத்துப்போகவில்லை, கிரெகரி 1970இல் பிரிஸ்டலுக்குச் சென்றுவிட்டார். ஆயினும் அவ்வாண்டுகளில்தான் ராபின் பாப்பிள்ஸ்டனும் ராட் பர்ஸ்டாலும் பாப்-2 என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். மேசைமேல் குவித்துவைத்த மரத்துண்டுகளைப் படக்கருவியால் பார்த்து, இனங்கண்டு, பொம்மைக் கார் ஒன்றாகக் கோக்க வல்ல ஃபிரெடி என்னும் எந்திரமனிதனும் அங்கேதான் உருவானது. அது இன்று ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அக்காலம் வரை அங்கு நடந்தவை பெரும்பாலும் ஆய்வும் ஆய்வு மாணவர் பயிற்சியுமே.

பிரிட்டனின் அறிவியல் ஆய்வு மன்றம், இத்துறைக்குத் தொடர்ந்து பணம் தருவது தகுமா என்று மதிப்பிடும் பொறுப்பைக் கேம்பிரிட்ஜின் கணிதப் பேராசிரியர் ஜேம்ஸ் லைட்ஹில்லிடம் ஒப்படைத்தது. பாய்ம இயக்கவியலில், அதாவது காற்றும் நீரும் ஓடும் விதத்தை ஆராயும் கணிதத்தில், மேதையாகிய லைட்ஹில் இத்துறைக்குப் புறத்தவர். 1973இல் வெளியான அவரது அறிக்கை, தானியங்கித் தொழில்நுட்பம் ஒருபுறமும் மூளையைப் பற்றிய கணிப்பொறி ஆய்வு மறுபுறமும் தத்தம் வழியில் பயன்தரும் என்று ஒப்புக்கொண்டு, இரண்டையும் பாலமாக இணைப்பதாகச் சொல்லிக்கொண்ட எந்திரமனித ஆய்வு வாக்களித்ததில் சிறு பகுதியையும் தரவில்லை என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே இலண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷனில் நடந்து தொலைக்காட்சியில் ஒளிபரப்பான விவாதத்தில் மிக்கியும் கிரெகரியும் அமெரிக்காவின் ஜான் மெக்கார்த்தியும் அவரை எதிர்த்து வாதிட்டும் நிலைமை மாறவில்லை. வாய்த்திறமையில் எத்தரப்பு வென்றது என்பது இன்றும் பேசப்படும் கேள்வி. பணம் எத்தரப்பின் பக்கம் நின்றது என்பதில் ஐயமில்லை.

1974இல் எடின்பரோவின் அமைப்பு கலைத்துக் கட்டப்பட்டது. மிக்கி ஒரு சிறு ஆய்வுப் பிரிவோடு தனியே ஒதுக்கப்பட்டார். லாங்கெட்-ஹிக்கின்ஸ் சசெக்ஸுக்குப் போனார். எஞ்சியோர் பெர்னார்ட் மெல்ட்சரின் தலைமையில் செயற்கை நுண்ணறிவுத் துறை என்ற புதுப்பெயரோடு நிறுத்தப்பட்டனர். இளநிலை மாணவருக்கான முதல் பாடம் அங்கு தொடங்கியதும் அக்காலத்தில்தான். இது வெறும் தற்செயல் என்று கொள்வதற்கில்லை: ஆய்வு நிதியை மட்டும் நம்பி நிற்கும் பிரிவை ஒரே அறிக்கையால் கலைத்துவிடலாம், ஆண்டுதோறும் மாணவரைச் சேர்த்துத் தேர்வு நடத்தும் துறையைக் கலைப்பது அவ்வளவு எளிதன்று. கற்பித்தல் அத்துறைக்குப் பல்கலைக்கழகத்துக்குள் ஓர் அசையாத இருப்பைத் தந்தது.

அப்பாடத்துக்குப் பெயர் ஏஐ-2. இரண்டு என்பது இரண்டாம் ஆண்டைக் குறிக்கும். முதலாம் ஆண்டுக்குரிய ஏஐ-1 சில ஆண்டுகள் கழித்தே வந்தது என்பதால், இத்துறை இரண்டாம் படியில் ஏறிநின்றபின் முதற்படியைக் கட்டியது எனலாம். இது இயன்றதற்கு ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் மரபு காரணம். இங்கிலாந்தில் மூன்றாண்டுப் படிப்பின் தொடக்கத்திலேயே மாணவர் ஒரு பாடத்துக்குள் அடைபட்டுவிடுவார். ஸ்காட்லாந்திலோ சிறப்புநிலைப் பட்டம் நான்காண்டுகள் நீளும், முதலிரண்டு ஆண்டுகளில் தம் முதன்மைப் பாடத்தோடு வெளிப்பாடங்கள் சிலவற்றையும் எடுத்தாக வேண்டும். அவ்வழியாகவே மொழியியலும் உளவியலும் மெய்யியலும் கணிதமும் பயில வந்தவர்கள் செயற்கை நுண்ணறிவின் வகுப்பறைக்குள் எட்டிப்பார்க்க முடிந்தது. பட்டமே இல்லாத துறைக்கு மாணவர்கள் இப்படித்தான் கிடைத்தனர்.

அவ்வகுப்பில் என்ன கற்பிக்கப்பட்டது என்பதை அறிய, பாடக்குறிப்புகளைத் திரட்டி ஆலன் பண்டி பதிப்பித்து 1978இல் எடின்பரோப் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட அறிமுக நூல் உதவுகிறது. அறிவை எந்திரத்துக்குள் எவ்வாறு உருவகித்து வைப்பது, இயல்மொழியை, அதாவது மனிதர் பேசும் மொழியை, எவ்வாறு புரிந்துகொள்ளச் செய்வது, தெரிந்த செய்திகளிலிருந்து தெரியாத விடையை எவ்வாறு வருவிப்பது, பார்வைப் புலனுணர்வு, கற்றல், இறுதியாக நிரல் எழுதும் பயிற்சி என்று அதன் பகுதிகள் அமைந்தன. புள்ளியியலுக்கு அதில் ஏறத்தாழ இடமே இல்லை என்பது இன்றைய மாணவருக்கு வியப்பளிக்கும். அறிவு என்பது குறியீடுகளையும் விதிகளையும் கையாள்வதே என்ற கொள்கை அன்று ஓங்கியிருந்தது. நரம்பணுக்களைப் போலச் செய்த வலைப்பின்னல்களைத் தரவு காட்டிப் பழக்கும் வழி கைவிடப்பட்டதாகவே கருதப்பட்டது. அதே எடின்பரோவில் அதே ஆண்டுகளில் லாங்கெட்-ஹிக்கின்ஸின் ஆய்வு மாணவராக இருந்து, ஆசிரியரே ஆர்வமிழந்துவிட்ட அவ்வலைப்பின்னல்களை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டு 1978இல் முனைவரான ஜெஃப்ரி ஹின்டனுக்கு, 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பாடத்திட்டக் குழுக்கள் எதிர்காலத்தைக் கணிப்பதில் எப்போதுமே கெட்டிக்காரர்களாக இருந்ததில்லை.

1982இல் தொடங்கிய முதல் பட்டமும் தனிப்பட்டமன்று. அது மொழியியலோடு இணைந்த செயற்கை நுண்ணறிவுப் பட்டம். கணிப்பொறியியலை விட்டு மொழியியலைத் துணைசேர்த்தது இன்று விந்தையாகத் தோன்றினும், அன்றைய ஆய்வின் போக்கில் அது இயல்பானதே. ‘பழைய புத்தகக் கடை’ என்னும் தொடரை எந்திரத்திடம் கொடுத்தால், பழையது புத்தகமா கடையா என்று முடிவுசெய்ய அதற்கு இலக்கணமும் தெரிய வேண்டும், உலகியலும் தெரிய வேண்டும். இலக்கண அமைப்பை வரையறுப்பது மொழியியலாளரின் வேலை, அவ்வரையறையைப் படிப்படியான செயல்முறையாக மாற்றுவது செயற்கை நுண்ணறிவின் வேலை. இவ்விரண்டையும் ஒரே மாணவரின் தலைக்குள் வைப்பதே அப்பட்டத்தின் நோக்கம். தெற்கே சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் குளோஸ், மார்கரெட் போடன், ஆரன் ஸ்லோமன் ஆகியோர் 1970களில் வளர்த்த அறிதல் ஆய்வுத் திட்டமும் இதே போக்குடையது. அது சமூக அறிவியல் பள்ளிக்குள் இருந்தது, கணிதப் பின்புலமில்லாத கலைப்பிரிவு மாணவர்களுக்கும் நிரலெழுதக் கற்றுக்கொடுக்கவே பாப்-11 என்ற மொழியை அவர்கள் பண்படுத்தினர். கணிப்பொறியியலோடு இணைந்த பட்டம் எடின்பரோவில் 1987இல்தான் வந்தது.

இடையில் காற்று திசைமாறியிருந்தது. 1982இல் ஜப்பான் ஐந்தாம் தலைமுறைக் கணிப்பொறித் திட்டத்தைத் தொடங்கி, அதன் அடித்தளமாகத் தருக்க நிரலாக்கத்தைத் தேர்ந்தது. செய்ய வேண்டிய படிகளைச் சொல்லாமல், மெய்யான கூற்றுகளையும் விதிகளையும் மட்டும் எழுதிவைத்து விடையை எந்திரமே வருவித்துக்கொள்ளச் செய்வது தருக்க நிரலாக்கம். அதற்குரிய புரோலாக் மொழி பிரான்சின் மார்செய்யில் ஆலன் கோல்மராயரின் கையிலும், எடின்பரோவில் ராபர்ட் கோவால்ஸ்கியின் கோட்பாட்டிலும் உருவானது. எடின்பரோவைச் சேர்ந்த குளோக்சினும் மெல்லிஷும் 1981இல் எழுதிய புரோலாக் பாடநூல் உலகெங்கும் இளநிலை வகுப்புகளுக்குப் போய்ச்சேர்ந்தது. ஜப்பானுக்குப் பதிலடியாக 1983இல் பிரிட்டன் தொடங்கிய ஆல்வி திட்டம் பணத்தையும், அதைவிட முக்கியமாகப் பயிற்சிபெற்ற ஆட்களுக்கான தேவையையும் கொண்டுவந்தது. அவ்வலை இந்தியாவையும் எட்டியது: 1986இல் மின்னணுத் துறை தொடங்கிய அறிவுசார் கணிப்பொறி அமைப்புகள் திட்டத்தில் சென்னை ஐஐடி வல்லுநர் அமைப்புகளுக்கான மையமாக அமைந்தது. மருத்துவர், பொறியாளர் போன்ற வல்லுநரின் அனுபவத்தை ‘இப்படி இருந்தால் இப்படிச் செய்க’ என்னும் விதிகளாகச் சேமித்துவைப்பது வல்லுநர் அமைப்பு. ஆயினும் அதிலிருந்து இளநிலைப் பட்டம் எதுவும் இங்கு முளைக்கவில்லை.

1998இல் எடின்பரோவின் செயற்கை நுண்ணறிவுத் துறை, கணிப்பொறியியல் துறையோடும் அறிதல் அறிவியல் மையத்தோடும் சேர்ந்து தகவலியல் பள்ளிக்குள் கரைந்தது. 2002 டிசம்பரில் நகரின் கௌகேட் பகுதியில் பற்றிய தீ, சவுத் பிரிட்ஜில் இருந்த பள்ளியின் கட்டடத்தையும், பல பத்தாண்டுகளாகச் சேர்த்த செயற்கை நுண்ணறிவு நூலகத்தையும் சேர்த்தே எரித்தது.

அமெரிக்காவின் தாமதம் தனியே நோக்கத்தக்கது. இத்துறையின் முன்னோடிகளான ஆலன் நியூவெல்லும் ஹெர்பர்ட் சைமனும் பணியாற்றிய கார்னகி மெல்லன் பல்கலைக்கழகமே 2018இல்தான் செயற்கை நுண்ணறிவுக்கெனத் தனி இளநிலைப் பட்டத்தைத் தொடங்கியது. அதுவே அந்நாட்டில் முதலாவது. அதுவரை அங்கே இது கணிப்பொறியியல் பட்டத்தின் இறுதி ஆண்டுகளில் வரும் விருப்பப்பாடமாகவும், மேற்படிப்பின் பொருளாகவுமே இருந்தது. 2012இல் ஹின்டனும் அவருடைய மாணவர் இருவரும் படங்களை இனங்காணும் போட்டியில் நரம்பு வலைப்பின்னலால் வென்றபின் எழுந்த வேலைவாய்ப்பே கதவைத் திறந்தது. 2019இல் சீனக் கல்வி அமைச்சகம் ஒரே அறிவிப்பில் 35 பல்கலைக்கழகங்களுக்கு இப்பட்டத்தை வழங்க ஒப்புதல் தந்தது. அதே ஆண்டில் ஹைதராபாத் ஐஐடி ஏறத்தாழ 20 இடங்களோடு இந்தியாவில் தொடங்கியது. 2020-21இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகளில் செயற்கை நுண்ணறிவு மற்றும் தரவு அறிவியல் பி.டெக். நுழைந்து, கலந்தாய்வுக்கு வரும் மாணவரிடையே ‘ஏஐ-டிஎஸ்’ என்ற சுருக்கப் பெயரோடு விரைவில் பரவியது. 2024இல் சென்னை ஐஐடி தொடங்கிய பட்டமும் செயற்கை நுண்ணறிவோடு தரவுப் பகுப்பாய்வையே இணைத்தது.

ஆக, இணைப்பட்டம் என்னும் எடின்பரோவின் வடிவம் மறையவில்லை; இணை மட்டுமே மாறியது. மொழியியலும் உளவியலும் நின்ற இடத்தில் இன்று தரவு நிற்கிறது. கார்னகி மெல்லனின் பாடத்திட்டம் கணிதத்துக்கும் புள்ளியியலுக்கும் முதலிடம் கொடுத்து, கலைப்புலப் பாடங்களுக்கும் அறநெறி பற்றிய ஒரு பாடத்துக்கும் கட்டாய இடம் ஒதுக்குகிறது. தமிழகப் பொறியியல் கல்லூரிகளில் மொழியியல் பொதுவாகத் தனித்துறையாக இல்லாததால், இயல்மொழி ஆய்வு என்னும் தாளை இலக்கணக் கோட்பாடு பயிலாதவரே பெரும்பாலும் கற்பிக்கிறார், அத்தகையோரே கற்கின்றனர்.